பிளாஸ்டிக் எரிகிற ஊரில் நமக்கு என்ன உரிமை?

2023 மார்ச் 2 அன்று கொச்சி மாநகராட்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீயை முழுமையாக அணைக்க ஏறத்தாழ 12 நாட்கள் ஆயின. கடம்பிரயாற்றின் அருகில் இருக்கும் அந்த வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்த கழிவில் பிளாஸ்டிக் ஏராளம். கொச்சியின் மட்டாஞ்சேரிச் சந்துகளில் அள்ளிய குப்பையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. தீயணைப்புத் துறைக்குத் துணையாகக் கடற்படையும் விமானப்படையும் இறங்கின. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வெளியே வருவோர் என்-95 முகக்கவசம் அணியச் சொன்னார்கள். தீ அணைந்ததோடு ஆபத்தும் தீர்ந்தது என்றே பலரும் எண்ணினார்கள். அது தவறான ஆறுதல். பிளாஸ்டிக் எரிவதால் வரும் கேடு மெல்ல வருவது. அதற்கு ஈடு கேட்கச் சட்டம் தரும் கெடுவோ குறுகியது.

குழாய், மின்கம்பி உறை, ரெக்சின் ஆகியவற்றில் உள்ள பி.வி.சி.யில் குளோரின் உண்டு. போதிய வெப்பமும் காற்றும் இல்லாமல் அது புகைந்து எரியும்போது டையாக்சின், ஃப்யூரான் என்னும் நஞ்சுகள் உருவாகின்றன. டையாக்சின்களில் மிகக் கொடிய வகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் அறிவித்தது. காற்றில் போன நஞ்சு மண்ணிலும் நீரிலும் படிந்து, பாலிலும் மீனின் கொழுப்பிலும் சேர்கிறது. மனித உடலில் புகும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியே வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போனதில் பாதி குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். நாள்தோறும் மீன் சமைக்கும் ஊர் இதை அலட்சியம் செய்ய முடியாது. வீட்டு முற்றத்தில் பழைய வயரையும் குழாயையும் கொளுத்தினாலும் இதே நஞ்சுதான் வரும்; அளவு மட்டுமே வேறு.

குப்பை போடுவது நாம்தானே, பிறகு யாரைக் குறை சொல்வது என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொச்சியின் கல்வத்தி கால்வாயில் மிதக்கும் பிளாஸ்டிக் கவரை வீசியவர் அதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும். பிரித்து வைப்பதும், பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி, வீடு வீடாக வந்து திரட்டும் ஹரித கர்ம சேனையிடம் கொடுப்பதும் நம் கடமை. ஆனால் அப்படிக் கொடுத்த கவர் கிடங்கில் குவிந்து எரிந்தால், அந்தப் பழி வீட்டுக்காரரைச் சேராது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், திரட்டிப் பதப்படுத்தும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடமும், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், பிராண்ட் உரிமையாளர் ஆகியோரிடமும் ஒப்படைத்திருக்கின்றன. பிளாஸ்டிக் மலிவு, ஏழைக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மையே. அந்த மலிவு எப்படி வந்தது? அப்புறப்படுத்தும் செலவு விலையில் சேர்வதில்லை; கிடங்கின் அருகே வாழ்பவர்கள் அதைத் தங்கள் உடலால் கட்டுகிறார்கள். தயாரிப்பாளரின் பொறுப்பை வலியுறுத்துவது ஏழைக்கு எதிரானதாகாது.

மாசற்ற காற்றும் நீரும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் நிலைநாட்டியது. பிரம்மபுரத்துக்காகக் கொச்சி மாநகராட்சி 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் உத்தரவிட்டது. பின்னர் கேரள உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தொகையைக் கட்டுவதும் நம் வரிப்பணத்தில்தானே என்பார்கள். ஆனால், தவறிய அதிகாரிகளின் பொறுப்பை நிர்ணயிக்கவும் தீர்ப்பாயம் சொன்னது. மக்கள் விடாமல் கேட்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

பாதிக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நேரடியாக அணுகலாம். இழப்பீட்டு மனுவைப் பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே பிரம்மபுரத்துக்கு 2028 மார்ச் தொடக்கத்தையே கெடுவாகக் கொள்வது பாதுகாப்பானது. கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருவருடைய நோய்க்கு இந்தப் புகைதான் காரணம் என்று காட்டுவது கடினம் என்பதை மறுக்க முடியாது. அதனாலேயே ஆவணங்கள் முக்கியமாகின்றன: மருத்துவச் சீட்டு, தேதியுள்ள படம், கொடுத்த புகாரின் ரசீது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இவற்றை ஒரு தெருவே சேர்ந்து திரட்டினால் வழக்குக்கு வலு கூடும். கடம்பிரயாற்றின் மீனையும் சுற்றுவட்டாரப் பாலையும் ஆண்டுதோறும் சோதித்து முடிவை வெளியிடுங்கள் என்று ஒவ்வொரு வார்டு சபையிலும் கேட்போம். நமக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்று அறிவதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே.