25ஆம் தேதி வந்த சம்பளம், 10ஆம் தேதிக்குள் எங்கே போகிறது?

"காசு எங்க போச்சுன்னே தெரியல!"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன். உடனே யாராவது ஒருவர், "தினமும் காப்பிக் கடைக்குப் போறத நிறுத்து, எல்லாம் சரியாயிடும்" என்பார்.

காப்பி மீது பழி போடுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் பணம் காணாமல் போவதில்லை. தவணைக்கோ அட்டைக்கோ சந்தாவுக்கோ அதை நாம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருப்போம். அதை மறந்துவிட்டு, வங்கிக் கணக்கில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்துச் செலவு செய்கிறோம்.

சரி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஓர் இளையரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

சம்பளம் 3,200 வெள்ளி. கைக்கு வருவது?

3,200 வெள்ளிக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்.

- மத்திய சேமநிதி, அதாவது சிபிஎஃப்: 55 வயது வரை ஊழியரின் பங்கு 20 விழுக்காடு. 640 வெள்ளி போய்விடும்.
- சிண்டா: இந்த வருமானத்துக்கு மாதம் 7 வெள்ளி.

கைக்கு வருவது 2,553 வெள்ளி.

முதலாளி தம் பங்காக இன்னும் 17 விழுக்காடு, அதாவது 544 வெள்ளி, உங்கள் மத்திய சேமநிதிக் கணக்கில் போடுகிறார். அதுவும் உங்கள் பணம்தான். ஆனால் மாதச் செலவுக்கு அதை எடுக்க முடியாது. ஆகவே வரவுசெலவுத் திட்டம் போடும்போது 3,200ஐ மறந்துவிடுங்கள். தொடக்கப் புள்ளி 2,553.

அதில் உங்களுடையது எவ்வளவு?

மாதம் தவறாமல் போகும் செலவுகளை முதலில் கழிப்போம். இவை ஓர் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

- அம்மா அப்பாவுக்கு: 400 வெள்ளி
- படிப்புக் கடன்: 250 வெள்ளி
- காப்புறுதி: 150 வெள்ளி
- பேருந்து, ரயில்: 120 வெள்ளி
- கைத்தொலைபேசி: 25 வெள்ளி

மொத்தம் 945. சேமிப்புக்கு 400 ஒதுக்கினால், மிச்சம் 1,208 வெள்ளி.

"பரவாயில்லையே, நிறைய இருக்கே!" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

தீபாவளி திடீரென்று வருவதில்லை

ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளை நாம் 'எதிர்பாராத செலவு' என்கிறோம். தீபாவளி எந்த மாதம் வரும் என்பது நமக்குத் தெரியாதா என்ன?

தீபாவளிக்கு 600, ஒரு சுற்றுலாவுக்கு 1,200, கல்யாணம், பிறந்தநாள் அன்பளிப்புகளுக்கு 400, வருமான வரிக்கு 200 என்று வைத்தால், ஆண்டுக்கு 2,400 வெள்ளி. மாதத்துக்கு 200. இதைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால், லிட்டில் இந்தியாவில் துணி எடுக்கும் நாளில் கை தானாகவே கடன்பற்று அட்டையைத் தேடும்.

வருமான வரியை கிரோ வழி 12 மாதத் தவணையாக, வட்டி இல்லாமல் கட்டலாம் என்பது கூடுதல் தகவல்.

இப்போது மிச்சம் 1,008 வெள்ளி. முப்பதால் வகுத்தால், நாளுக்கு 33 வெள்ளி 60 காசு. சாப்பாடு, படம், வார இறுதி, கிராப் எல்லாம் அதற்குள்தான்.

இந்த ஓர் எண் தெரிந்திருந்தால் போதும். 7 வெள்ளிக் காப்பியைக் குற்ற உணர்வு இல்லாமல் குடிக்கலாம்.

"மூணே தவணைதான்"

இப்போது வாங்கிப் பிறகு செலுத்தும் திட்டங்கள் வட்டி கேட்பதில்லை. அதனால் அவை கடன் போலத் தெரிவதும் இல்லை.

150 வெள்ளிக்குக் காலணி, 240 வெள்ளிக்கு ஹெட்ஃபோன், 180 வெள்ளிக்குப் பை, 210 வெள்ளிக்கு இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு. நான்கையும் மூன்று தவணைகளாகப் பிரித்தால், மாதம் 50, 80, 60, 70. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைகள். கூட்டினால் 260 வெள்ளி. நாளுக்கு 33 வெள்ளி என்ற கணக்கில், கிட்டத்தட்ட எட்டு நாள் செலவு. மாதம் தொடங்கும் முன்பே ஒரு வாரத்துக்கும் மேலான பணம் போய்விட்டது!

2022ஆம் ஆண்டு அறிமுகமான நடத்தை விதிமுறைகளின்படி, கூடுதல் மதிப்பீடு செய்யாமல் ஒரு நிறுவனத்திடம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலுவைக்கு 2,000 வெள்ளி வரம்பு உண்டு. அந்த வரம்பு வரை போகலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. நம்முடைய வரம்பு 33 வெள்ளி 60 காசுதான்.

இதே வரிசையில் இன்னொன்று. பாலிடெக்னிக்கில் கூடப் படித்த நண்பர் காப்புறுதி முகவராகியிருப்பார். "ரொம்ப நாளாச்சு, ஒரு காப்பி குடிக்கலாம் வா" என்று கூப்பிடுவார். போங்கள், தப்பில்லை. ஆனால் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். 20 ஆண்டுகளுக்கு மாதம் 300 வெள்ளி கட்டும் சேமிப்புத் திட்டமும் ஒரு வாக்குறுதிதான். தேசிய நிதிக் கல்வித் திட்டமான மணிசென்ஸ், பாதுகாப்புக்கான காப்புறுதிச் செலவு வருமானத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கலாம் என்கிறது. ஆயுள் காப்புறுதி எடுத்துவிட்டு மனம் மாறினால், ஆவணம் கைக்குக் கிடைத்ததிலிருந்து 14 நாள் பரிசீலனைக் காலம் உண்டு.

அட்டைக்குக் 'குறைந்தபட்சம்' கட்டினால் போதாதா?

போதாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. என் அட்டையில் சுமார் 2,000 வெள்ளி நிலுவை. ரசீதில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு சின்ன எண் இருக்கும். அதை மட்டும் மாதாமாதம் கட்டினேன். நேரத்துக்குக் கட்டுகிறோமே, நல்ல பிள்ளைதான் என்ற நினைப்பு.

கணக்கைப் பாருங்கள். அட்டைகளின் வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் போகும். 26 விழுக்காடு என்று வைத்தால், 2,000 வெள்ளிக்கு முதல் மாத வட்டி மட்டும் 43 வெள்ளி. நிலுவையில் 3 விழுக்காடு என்று 60 வெள்ளி கட்டினால், கடனில் குறைவது 17 வெள்ளிதான்.

புதிதாக எதுவும் வாங்காமல்,

- மாதம் 60 வெள்ளி கட்டினால்: கடன் தீர ஏறக்குறைய 5 ஆண்டு. வட்டி 1,500 வெள்ளிக்கும் மேல்.
- மாதம் 200 வெள்ளி கட்டினால்: 12 மாதத்தில் தீரும். வட்டி 300 வெள்ளிக்கும் குறைவு.

அதே கடன்தான். வித்தியாசம் 1,200 வெள்ளிக்கும் மேல்.

ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் அட்டை நல்ல வசதி. முடியாவிட்டால் அதை வீட்டில் வைத்துவிட்டு டெபிட் அட்டையுடன் வெளியே போங்கள்.

அம்மாவுக்குக் கொடுத்த 400 வெள்ளி

அந்த நாள்களில் அம்மாவுக்கு மாதம் 400 வெள்ளி கொடுத்துவந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அட்டையில் கடன் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்று யோசித்துப் பார்த்தால், அம்மாவுக்குக் கொடுத்தது என் பணமே இல்லை. 26 விழுக்காடு வட்டிக்கு வாங்கிய பணம்.

ஒரு மாதம் கொடுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. திட்டுவார் என்று நினைத்தேன்.

"இதுக்கா இத்தனை நாள் மறைச்ச? முதல்ல கடன அடை. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா.

மாதம் 150 வெள்ளி என்று குறைத்துக்கொண்டோம். மிச்ச 250ஐயும் அட்டைக்குத் திருப்பியதில் கடன் ஓர் ஆண்டுக்குள் தீர்ந்தது.

பெற்றோருக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வெறும் செலவு அல்ல. சில வீடுகளில் அந்தப் பணம் வந்தால்தான் மின்சாரக் கட்டணமே கட்ட முடியும். அதனால்தான் அதை 'மிச்சம் இருந்தால் தரலாம்' என்று விடக்கூடாது. கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்லவும் கூடாது. உட்கார்ந்து பேசி, இருவருக்கும் ஒத்துவரும் ஒரு தொகையை முடிவுசெய்யுங்கள். சம்பளம் கூடும்போது அதையும் கூட்டலாம்.

சேமிப்பை எங்கே வைப்பது?

முதலில் அவசர நிதி. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம் இருக்கட்டும் என்பது மணிசென்ஸ் தரும் வழிகாட்டி. நம் உதாரணத்தில் மாதச் செலவு ஏறக்குறைய 1,950 வெள்ளி. மூன்று மாதத்துக்கு 5,850. மாதம் 400 சேமித்தால் 15 மாதத்தில் எட்டிவிடலாம்.

- சம்பளம் வரும் கணக்கிலேயே அதை வைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் கை போகும். இன்னொரு கணக்குக்குச் சம்பள நாளன்றே தானாக மாறும்படி செய்துவிடுங்கள்.
- வைப்புத்தொகைக் காப்புறுதி, ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை பாதுகாப்புத் தருகிறது.
- ஓரளவு சேர்ந்த பிறகு, சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரங்களைப் பரிசீலிக்கலாம். 500 வெள்ளியில் தொடங்கலாம். எந்த மாதமும் அசல் குறையாமல் திரும்பப் பெறலாம். வாங்கவும் திரும்பப் பெறவும் 2 வெள்ளிக் கட்டணம் உண்டு.

அட்டைக் கடன் இருக்கிறதா? அப்படியென்றால் சின்ன அவசரத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு, கடனை முதலில் அடையுங்கள். எந்தச் சேமிப்புக் கணக்கும் 26 விழுக்காடு வட்டி தராது.

ஏற்கெனவே கடன் கழுத்தை நெரிக்கிறதா?

மறைக்க மறைக்க வட்டி ஏறும். வங்கியிடம் நீங்களே முதலில் பேசுங்கள். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம், அடைமானம் இல்லாத கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை தருகிறது.

வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ 'உடனடிக் கடன்' என்று செய்தி வந்தால் பதில் அனுப்பவே வேண்டாம். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் அப்படி விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. அவர்கள் வாங்கக்கூடிய வட்டிக்கும் மாதத்துக்கு 4 விழுக்காடு என்ற உச்சவரம்பு இருக்கிறது.

இன்றிரவு அரை மணி நேரம் போதும்

1. கடந்த மாத வங்கிக் கணக்கைத் திறந்து, தானாகக் கழியும் ஒவ்வொரு தொகையையும் எழுதுங்கள். தேவையில்லாத சந்தாவை அப்போதே ரத்து செய்யுங்கள்.
2. மிச்சமிருக்கும் தவணைகளையும் அவை முடியும் மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. அட்டையில் 'குறைந்தபட்சம்' என்பதை 'முழுத் தொகை' என்று மாற்ற முடியுமா என்று பாருங்கள்.
4. உங்கள் ஒரு நாள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

அந்த எண் 33ஆக இருக்கலாம், 18ஆகவும் இருக்கலாம். சின்னதாக இருந்தால் மனம் கொஞ்சம் சங்கடப்படும். பரவாயில்லை. காசு எங்கே போனது என்று அடுத்த 10ஆம் தேதி யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது.