சிறு மின்கலமும் பெருவண்டியும்

சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் மக்களுக்கென ஓடத் தொடங்கியது 1931 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் நாளாகும். அன்று மீட்டர் பாதையில் ஓடிய வண்டிகள் 2004 ஆம் ஆண்டில் விடைபெற்றன. இன்று அகலப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு வேண்டிய ஆற்றல், தலைக்குமேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் அழுத்தத்தில் காத்து நிற்கிறது. ஆயினும், நெடுநேரம் ஓய்ந்து நின்ற வண்டி அவ்வாற்றலைத் தானே பற்றிக்கொள்ள இயலாது. அதன் கூரைமீது மடங்கிக் கிடக்கும் இரும்புச் சட்டம் நிமிர்ந்து கம்பியைத் தொடவேண்டும். சட்டத்தை நிமிர்த்த அழுத்தப்பட்ட காற்று வேண்டும். காற்றை அழுத்தும் சிறு பொறியை ஓட்ட மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை வண்டியிலேயே உள்ள 110 வோல்ட் மின்கல அடுக்கு தருகிறது. ஆயிரக்கணக்கான மக்களைச் சுமந்து செல்லும் பெருவண்டியைத் துயிலெழுப்புவது ஒரு சிறு மின்கல அடுக்கே என்பது வியப்புக்குரியது அன்றோ?

இதே உறவு, அந்த ரயில் பாதையை ஒட்டிச் செல்லும் பெருஞ்சாலையில் ஓடும் ஒருவகைக் காரிலும் உண்டு. அதுவே ஹைபிரிட் கார் எனப்படும் கலப்பு ஊர்தியாகும். பெட்ரோலால் இயங்கும் எஞ்சினும், மின்சாரத்தால் இயங்கும் மோட்டாரும் அதில் இணைந்து பணிபுரிகின்றன. இவ்வகைக் காரைப் பெருமளவில் செய்து விற்கும் முயற்சியை ஜப்பான் நாட்டின் டொயோட்டா நிறுவனம் 1997 ஆம் ஆண்டு டிசம்பரில் பிரியஸ் என்னும் வண்டியைக்கொண்டு தொடங்கியது. இன்று தமிழ்நாட்டுச் சாலைகளிலும் இத்தகைய வண்டிகள் பல ஓடுகின்றன.

ஹைபிரிட் காரில் இருவகை மின்கலங்கள் உள்ளன. ஒன்று பெரியது; அதுவே சக்கரங்களை உருட்டும் மோட்டாருக்கு ஆற்றல் தருவது. பல வண்டிகளில் அதன் அழுத்தம் 200 வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மற்றொன்று சிறியது, ஏனைய கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் மின்கலம். பெரிய மின்கலத்தின் ஆற்றல் எந்நேரமும் வண்டியின் உடலெங்கும் ஓடிக்கொண்டிருந்தால் மக்களுக்குத் தீங்கு நேரும். ஆதலின் வண்டி ஓய்ந்திருக்கும்போது தடுப்புச் சாவிகள் அதனைத் துண்டித்து வைக்கின்றன. ஓட்டுநர் பொத்தானை அழுத்தியதும், சிறிய மின்கலம் வண்டியின் கணிப்பொறிகளை முதலில் விழிக்கச் செய்கிறது. அவை யாவும் சரியாக இருப்பதை உறுதிசெய்து, தடுப்புச் சாவிகளை மூடுகின்றன. அதன் பின்னரே பெரிய மின்கலம் பணிக்கு வருகிறது. ‘ரெடி’ என்னும் விளக்கும் அப்போதுதான் ஒளிரும்.

கோட்டைக்குள் பெரும்படை நிற்கலாம். வாயிற்காவலன் மயங்கி விழுந்துவிட்டால், கதவு திறவாது, படையும் வெளியேறாது. சிறிய மின்கலம் ஓய்ந்த ஹைபிரிட் காரின் நிலையும் அதுவே. பெரிய மின்கலம் நிறைந்திருந்தும், தொட்டியில் பெட்ரோல் இருந்தும், வண்டி அசையாது. நள்ளிரவில் நோயாளி ஒருவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டிய வேளையில் இந்நிலை நேர்ந்தால், அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

சிறிய மின்கலம் ஏன் ஓய்கிறது? பெரும்பாலான வண்டிகளில் அது ஈய மின்கலமே. பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859 ஆம் ஆண்டில் கண்ட அமைப்பு அது. அதில் ஈயத் தகடும், ஈய டையாக்சைடு பூசிய தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் நிற்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலமும் நீர்த்துப் போகிறது. மீண்டும் மின்சாரம் ஏற்றினால் அப்படிவு கரைந்து பழைய நிலை திரும்பும். ஆனால் ஏற்றாமல் நாட்கணக்கில் விட்டுவிட்டால், அது கடினமான படிகமாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் முழு வலிமை திரும்பாது. எனவே ஒருமுறை முற்றும் வற்றிப்போன மின்கலம், மீண்டும் உயிர்பெற்றாலும் முன்போல் நெடுநாள் உழைப்பதில்லை.

நிற்கும் வண்டி எவ்வாறு மின்சாரத்தைச் செலவிடும் என்று கேட்கலாம். பூட்டிய வண்டியும் முற்றும் உறங்குவதில்லை. திருட்டைத் தடுக்கும் எச்சரிக்கைக் கருவி, கடிகாரம், சாவியின் குறிப்பை எதிர்நோக்கும் கருவி ஆகியவை இரவும் பகலும் சிறிது சிறிதாக மின்சாரத்தைப் பருகுகின்றன. ஒரு வண்டியில் இவ்வாறு 30 மில்லி ஆம்பியர் செலவாவதாகக் கொள்வோம். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் அது 0.72 ஆம்பியர் மணி ஆகும். 40 ஆம்பியர் மணி கொள்ளும் மின்கலத்தின் பாதி நான்கு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். எட்டு வாரத்தில் ஏறத்தாழ முழுவதும் வற்றிவிடும். உள்ளே 5 வாட் பழைய வகை விளக்கொன்றை அணைக்க மறந்தாலோ, நான்கே நாட்களில் அது நிகழும். சிறு துளை பெருங்குடத்தை வெறுமையாக்குவது போன்றதே இது.

இவ்வுண்மையைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் 2020 ஆம் ஆண்டில் நேரிற் கண்டனர். கொரோனாப் பெருந்தொற்றால் அவ்வாண்டு மார்ச் 25 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடப்புக்கு வந்தது. சென்னையிலும், தாம்பரம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்திலும் ஜூன் 19 முதல் ஊரடங்கு மீண்டும் கடுமையாக்கப்பட்டது. குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் முதலிய இடங்களில் கார்கள் வாரக்கணக்கில் வாயிலிலேயே நின்றன. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று எண்ணியிருந்தவர் பலர், மின்கலம் ஓய்ந்ததைக் கண்டு திகைத்தனர். உழைப்பு மட்டுமன்று, நெடிய ஓய்வும் கருவியைக் கெடுக்கும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

வெப்பமும் மின்கலத்துக்குப் பகையாகும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால், வேதிவினைகளின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகிறது. அதனால் தகடுகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. தேங்கிய மின்சாரமும் தானே குறைகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் மீனம்பாக்கத்து வெயில் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. அவ்வெயிலில் நாள் முழுதும் நிற்கும் வண்டியின் மின்கலம் விரைவில் முதுமை எய்தும். நிழலில் வண்டியை நிறுத்துவது செலவில்லாத பாதுகாப்பாகும்.

ஏனைய கார்களில் மின்கலம் தளரும்போது எஞ்சினைச் சுழற்றும் மோட்டார் இழுத்து இழுத்து முனகும், உரியவர் விழித்துக்கொள்வார். ஹைபிரிட் காரில் அம்முனகல் கேட்பதில்லை. எஞ்சினைச் சுழற்றும் பளு அங்குப் பெரிய மின்கலத்தைச் சார்ந்தது. எனவே நோய் வெளிப்படையாகத் தோன்றாமலே முற்றிவிடும். விளக்குகள் மங்குதல், சாவிப் பொத்தானுக்கு வண்டி தயங்கி விடையளித்தல், காரணமின்றிப் பல எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே ஒளிர்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஒரு வோல்ட்மீட்டர் இருந்தால் ஐயமே வேண்டியதில்லை. சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல மின்கலம் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதி தீர்ந்தது; 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே மின்சாரம் ஏற்றவேண்டும்.

வருமுன் காக்கும் வழி எளியது. நெடுநாள் நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறையேனும் ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவந்து, அரைமணி முதல் ஒருமணி நேரம் வைத்திருக்கவேண்டும். ஓட்டி வருவது இன்னும் நன்று. அந்நிலையில் பெரிய மின்கலமே தன் ஆற்றலைத் தாழ்ந்த அழுத்தத்துக்கு மாற்றிச் சிறியதற்கு ஊட்டும். ‘ரெடி’ நிலைக்கு வராமல் வானொலியையும் விளக்கையும் மட்டும் இயக்குவது, ஊட்டுவதற்கு மாறாக உறிஞ்சுவதாகும். ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ‘ரெடி’ நிலையில் வண்டி ஓசையின்றி இருக்கும்; ஆனால் பெரிய மின்கலம் குறைந்ததும் எஞ்சின் தானே ஓடத் தொடங்கும். மூடிய கொட்டகையில் அவ்வாறு நிகழ்ந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிரைப் பறிக்கும். எனவே இதனைத் திறந்தவெளியிலேயே செய்யவேண்டும். மாதக்கணக்கில் வெளியூர் செல்வோர், கையேட்டின்படி சிறிய மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவைத்துச் செல்லலாம்.

காத்தும் மின்கலம் ஓய்ந்துவிட்டால் செய்யத்தக்கது யாது? முதலில் செய்யத்தகாதது ஒன்றுண்டு. வண்டி கிளம்பாவிட்டால் நாலு பேர் கூடித் தள்ளுவது நம் ஊர்களின் பழைய வழக்கம். ஹைபிரிட் கார் தள்ளினால் கிளம்பாது. மோட்டாரோடு பிணைந்த சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் சென்றால், அம்மோட்டாரே மின்சாரத்தைப் பிறப்பித்துக் கருவிகளுக்குக் கேடு விளைக்கலாம். ஆகவே வண்டியை மேடையுள்ள லாரியில் ஏற்றிச் செல்வதே முறை.

சிறிய மின்கலம் பல வண்டிகளில் முன்புறம் இராது. பின் இருக்கையின் அடியிலோ, பொருள் வைக்கும் பின்னறையிலோ இருக்கும். மின்சாரம் இல்லையெனில் பொத்தானால் கதவும் திறவாது. சாவிப் பெட்டிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறக்கவேண்டும். மின்சாரம் ஏற்றும் முனை எங்குள்ளது என்பதைக் கையேடு காட்டும்.

வேறொரு காரின் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து உதவி பெறலாம். இரு வண்டிகளையும் அணைத்துவிட்டு, சிவப்புக் கம்பியின் ஒருமுனையை ஓய்ந்த மின்கலத்தின் நேர்முனையிலும், மறுமுனையை நல்ல மின்கலத்தின் நேர்முனையிலும் பொருத்தவேண்டும். கருப்புக் கம்பியை முதலில் நல்ல மின்கலத்தின் எதிர்முனையில் பொருத்தி, அதன் மறுமுனையை ஓய்ந்த வண்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியொன்றில், மின்கலத்திலிருந்து விலகிய இடத்தில் இறுதியாகப் பொருத்தவேண்டும். இறுதி இணைப்பில் தீப்பொறி எழுவதுண்டு. மின்கலத்தருகே ஹைட்ரஜன் வாயு இருந்தால் அது வெடிக்கும். இவ்வளவு விலகிச் செய்வதன் காரணம் அதுவே. பின்னர் உதவும் வண்டியை ஓடவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து, ஹைபிரிட் காரின் பொத்தானை அழுத்தினால் ‘ரெடி’ விளக்கு ஒளிரும். கம்பிகளைப் பொருத்திய முறைக்கு நேர்மாறான வரிசையில் அகற்றவேண்டும். நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் விலையுயர்ந்த கருவிகள் நொடியில் எரிந்துவிடும். முறையறிந்தவர் உடனில்லாமல் மாணவர் இதில் இறங்கலாகாது.

இன்னொரு விதியை எவரும் மறத்தலாகாது. செம்மஞ்சள் நிற உறையுள்ள தடித்த கம்பிகள் பெரிய மின்கலத்துக்கு உரியவை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; அதற்கு ஒப்பான கொல்லும் ஆற்றல் இவற்றிலும் உண்டு. பயிற்சி பெற்ற பணியாளரன்றி வேறெவரும் அவற்றைத் தொடலாகாது.

வெள்ளக் காலத்தில் இவ்விதி இன்னும் இன்றியமையாதது. 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. எண்ணற்ற வண்டிகள் பாழாயின. அத்தகைய துன்பங்களிற் கற்ற பாடத்தால், 2024 ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மக்கள் தம் கார்களை மேம்பாலத்தின்மீது கொண்டுபோய் நிறுத்தினர். நீரில் மூழ்கிய ஹைபிரிட் காரை, நீர் வடிந்த பின்னும் இயக்கிப் பார்க்கலாகாது. சிறு மின்கலத்துக்கு உயிரூட்டவும் முயலலாகாது. ஈரத்தோடு விழித்தெழும் மின்சாரம் வண்டியையும் அழிக்கும், ஆளையும் தாக்கும்.

ஈய மின்கலம் சில ஆண்டுகளே உழைக்கும். பயன் தீர்ந்ததைக் குப்பையில் எறிதல் தகாது. ஈயம் மண்ணிலும் நீரிலும் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் ஈயம் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தப்படும். மின்கலங்களைப் பற்றியும் ஆராயும் நிலையம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்திலும் பொருளிலும் எழுந்து, 1953 ஆம் ஆண்டில் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது.

பெரியதன் வலிமை பலர் கண்ணிலும் படும். சிறியதன் தொண்டோ, அது நின்ற பின்னரே புலப்படும். வாரத்தில் அரைமணி நேரக் கவனமும், ஒரு வோல்ட்மீட்டரின் சிறு முள்ளும் நெருக்கடி வேளையில் ஓர் உயிரைக் காக்கலாம். கருவியை உடையவர், அதன் மிகச் சிறிய உறுப்பையும் அறிந்து பேணுதல் கடனாகும்.