வண்டிக்கு ஸ்டீரியோ செட் வாங்கப் போகிறீர்களா?

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில், பருப்பு விலைக்கு அடுத்தபடியாக நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, வேனுக்கு எந்த செட் போடலாம்? பயனீரா, சோனியா?" என்பதே அது. கேட்பவர்களில் பலர் கடைக்கு ஒரு சரக்கு வேன், வீட்டுக்கு ஒரு கார் என்று வைத்திருப்பவர்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கம்பெனி செட் கிடையாது; டேஷ்போர்டில் பிளாஸ்டிக் மூடி போட்ட ஓட்டை மட்டும் இருக்கும். பழைய வண்டி வாங்கியவர்களுக்கோ கேசட் காலத்து டெக் ஊமையாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கேசட் காலம் தொட்டு எங்கள் கடை வண்டிகளுக்கு அரை டஜன் செட்டாவது மாற்றியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

கடைக்குப் போகுமுன் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் இருந்தால் அது ஒற்றை டின். அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம் இருந்தால் இரட்டை டின். 'டின்' என்பது ஜெர்மனியின் தரநிர்ணய அமைப்பின் பெயர்ச் சுருக்கம். தகர டின்னுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதிய கார்கள் சிலவற்றில் ஏ.சி. பொத்தானும் செட்டும் ஒரே பலகையாக வார்க்கப்பட்டிருக்கும். அவற்றுக்குத் தனிச் சட்டம் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இனி, வியாபாரிகளாகிய நாம் மிகவும் உஷாராக இருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். எந்தக் கம்பெனிப் பெட்டியை எடுத்தாலும் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் '50 வாட் x 4' என்று போட்டிருக்கும். இன்னொருவர் 55 என்பார். பெயர் தெரியாத கம்பெனிக்காரர் 60 என்றும் அதற்கு மேலும் அச்சடித்திருப்பார். 55 பெரிதா 50 பெரிதா என்று அங்கேயே ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். மூடையைச் சாக்கோடும் கல் மண்ணோடும் தராசில் ஏற்றி எழுதிய மொத்த எடை போன்றது அந்த எண். நமக்கு வேண்டியது நிகர எடை. அது பெட்டிக்குள் இருக்கும் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'ஆர்.எம்.எஸ்.' என்ற பெயரில் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் 20 அல்லது 22 வாட் என்று காணலாம்.

ஏன் இந்த வித்தியாசம்? கணக்குப் போடத் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை. வண்டி ஓடும்போது பேட்டரியிலிருந்து வருவது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் தடை வழக்கமாக 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 207. அதை 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வாட். பெட்டியின் மேல் உள்ள 50 இதுதான். ஆனால் ஒலி அலை உச்சியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால்தான் இந்த அளவு வரும். அப்போது காதில் விழுவது பாட்டாக இராது, கிழிந்த தகரச் சத்தமாக இருக்கும். ஏறி இறங்கும் சுத்தமான அலைக்கு அதில் பாதிதான், அதாவது 26 வாட். செட்டுக்குள் வீணாவதைக் கழித்தால் மிஞ்சுவது 20, 22. தனியாக ஆம்ப்ளிபையர் வைக்காத சாதாரண செட், எந்த நாட்டுக் கம்பெனியுடையதானாலும், பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தாண்டாது. செட்டின் பின்னால் உள்ள ஃபியூஸையும் பாருங்கள். 10 ஆம்பியர் என்று இருந்தால், 14.4 வோல்ட்டில் அதன் வழியாக உள்ளே போவதே 144 வாட். உள்ளே 144 போகும் பெட்டியிலிருந்து தொடர்ந்து 200 வெளியே வருமா? ஒரு குவிண்டால் உளுந்தை உடைத்து ஒன்றரைக் குவிண்டால் பருப்பு எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் நாம் நம்புவோமா?

ஆகவே வாட் பேச்சை ஒதுக்கிவிடலாம். சரக்கு வேனின் என்ஜின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால், விலை உயர்ந்த செட்டுக்குப் போடும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடிக்குப் போடுவது மேல்.

பிறகு பெயர்கள். நமக்குக் கடைகளில் பெரும்பாலும் காட்டப்படுபவை பயனீர், சோனி, ஜே.வி.சி., கென்வுட், பிளாபங்க்ட் ஆகியவை. இவற்றில் ஜே.வி.சி.யும் கென்வுட்டும் 2008-லேயே ஒரே குடைக்கீழ் வந்து, 2011-ல் ஒரே கம்பெனியாகிவிட்டன. இரண்டையும் மேஜையில் வைத்து "இதுவா, அதுவா" என்று வாதாடுவது, ஒரே முதலாளியின் இரண்டு கடைகளில் விலை விசாரிப்பது போல. (கென்வுட் என்ற பெயரில் வரும் மிக்ஸி வேறு; அது இங்கிலாந்தில் தொடங்கிய தனிக் கம்பெனி. வீட்டில் அந்த மிக்ஸி நன்றாக உழைக்கிறது என்பதற்காக இந்த செட்டை வாங்க வேண்டாம்.)

பிளாபங்க்ட் கதை வியாபாரிகளுக்குச் சுவையானது. 1923-ல் பெர்லினில் 'ஐடியல்' என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. சோதித்துத் தேறிய ஹெட்போன்களில் ஒரு நீலப் பொட்டு வைத்து அனுப்பினார்கள். வாங்குவோர் "நீலப் பொட்டு கொடுங்கள்" என்றே கேட்க ஆரம்பித்ததால், ஜெர்மன் மொழியில் நீலப் பொட்டு என்று பொருள்படும் அந்தச் சொல்லே கம்பெனியின் பெயராகிவிட்டது. 1932-ல் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைச் செய்தவர்கள் இவர்களே. பின்னர் பாஷ் கம்பெனியிடம் நெடுங்காலம் இருந்தது. 2000-களின் இறுதியில் பாஷ் இந்தத் தொழிலை விற்றுவிட்டது. இன்று அந்தப் பெயரை உரிமம் பெற்றுப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அரிசி மூடையில் ஒருவருடைய பிராண்டை இன்னொருவர் அச்சடித்து விற்பது நமக்குப் புதிதா என்ன? அதனாலேயே சரக்கு மோசம் என்று ஆகிவிடாது. ஆனால் பழைய ஜெர்மன் பெருமைக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

பயனீர் கம்பெனி 1984-ல் காருக்கான முதல் சி.டி. பிளேயரைக் கொண்டுவந்தது. வண்டி ஒலிக் கருவியே அவர்களுடைய முக்கியத் தொழில். சோனியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் செட்டில் அடித்தொனியைத் தூக்கிக் காட்டும் வசதி ஒன்று இருக்கும், டி.எம்.எஸ்., சீர்காழி பாடல்கள் கேட்பவர்கள் அதை அணைத்துவிட்டுக் கேட்டால்தான் குரல் தெளியும். பயனீரில் பாட்டுக்குப் பாட்டு விளக்கு மின்னி, இடையில் விசேஷ ஒலி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. இளவட்டங்களுக்குப் பிடிக்கலாம், இரவில் டிரைவர் கண்ணில் மின்னுவது நமக்குப் பிடிக்கவில்லை.

ஒரே விலைக்குள் வரும் இந்த நாலைந்து செட்டுகளையும் ஒரே ஸ்பீக்கரில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எது எந்தக் கம்பெனி என்று சொல்வது கடினம் என்பதே நம் எண்ணம். வித்தியாசம் கையில் தெரியும். சத்தம் கூட்டக் குறைக்க உருட்டுத் திருகு இருக்கிறதா, அல்லது அமுக்குப் பொத்தானா? ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் தடவிக் கண்டுபிடிக்கத் திருகுதான் சௌகரியம். முன்பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோக முடியுமா? பஜாரில் வெளியே வண்டி நிறுத்துபவர்களுக்கு அது முக்கியம். சி.டி. வைத்துக் கேட்பவர்கள் இன்று அபூர்வம், சி.டி. வாய் இல்லாத மாடலே போதும். பென்டிரைவில் பாட்டு ஏற்றும்போது 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள்; மற்ற முறைகளைப் பல செட்டுகள் படிப்பதில்லை. ஒற்றை டின் செட்டுகளில் தமிழ் எழுத்து பெரும்பாலும் தெரியாது, ஆகவே பாட்டின் பெயரை ஆங்கில எழுத்திலோ எண் போட்டோ வைத்துக்கொள்ளவும்.

புளூடூத் போன் வசதியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வியாபாரிக்கு வண்டியில் போகும்போதுதான் மண்டியிலிருந்து போன் வரும். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடிப்பது, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவின்படி அபாயகரமாக ஓட்டுதல் ஆகும்; முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. செட் வழியாகப் பேசினால் கை ஸ்டியரிங்கில் இருக்கும். ஆனால் செட்டின் முகப்பிலேயே உள்ள சிறு மைக், சீட்டுக்கு அடியில் என்ஜின் உள்ள வேன்களில் இரைச்சலைத்தான் வாங்கும். வெளி மைக் சேர்க்கத் துளை உள்ள மாடலாகக் கேட்டு வாங்கி, மைக்கை டிரைவரின் தலைக்கு மேலே பொருத்தச் சொல்லுங்கள். பணம் கொடுக்குமுன் என்ஜினை ஓடவிட்டு, நம் கடைக்கே ஒரு போன் போட்டு, கல்லாவில் இருப்பவரிடம் "கேட்கிறதா?" என்று கேட்டுவிடலாம். இவ்வளவு செய்தாலும் விலை பேசும் போனை ஓரமாக வண்டியை நிறுத்திப் பேசுவதே நம் வழக்கம். எழுபத்திரண்டுக்கும் எண்பத்திரண்டுக்கும் இரைச்சலில் வித்தியாசம் தெரியாது. ஒரு லோடு துவரம்பருப்பில் அந்தப் பத்து ரூபாய் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

இரட்டை டின் ஓட்டை உள்ளவர்களுக்குப் பெரிய திரை செட்டுகள் காட்டப்படும். இங்கே ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. 'ஆண்ட்ராய்டு ஆட்டோ' என்பது நம் போனில் உள்ள வரைபடத்தையும் பாட்டையும் திரையில் காட்டும் ஏற்பாடு. 'ஆண்ட்ராய்டு செட்' என்பது செட்டே ஒரு மலிவு டேப்லெட்டாக இருப்பது. இரண்டாவதில் பெயரில்லாத சரக்கு ஏராளம். கடையில் ஜோராக ஓடும். சாவி போட்டபின் விழித்து எழவே நேரம் பிடிக்கும் ரகங்களும் உண்டு. பழுதானால் உள்ளே இருக்கும் பலகைக்கு உதிரி கிடைக்காது. பின்பக்கக் கேமரா மாட்டலாம் என்பது பெரிய திரையின் உண்மையான லாபம். குறுகலான பஜார் தெருவில் பின்னால் எடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

அசலா போலியா என்று பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். 2011-ஆம் வருடத்துப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி நம் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருடம், புகார் எண் இல்லையென்றால் எடையளவு ஆய்வாளர் விடுவாரா? அதே விதி இந்தப் பெட்டிக்கும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும், செட்டின் உடம்பில் உள்ள எண்ணும், பில்லில் எழுதும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 'எஸ்டிமேட்' என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினால் வாரண்டி இல்லை என்று பொருள். நாமே சில சமயம் அந்தச் சீட்டை எழுதுகிறவர்கள்தான், ஆகவே அதன் மதிப்பு நமக்குத் தெரியும். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் சில நூறு ரூபாய் குறையலாம்; பழுதானால் மறுபடி சென்னைக்கு யார் போவது? எந்தக் கம்பெனிக்கு உங்கள் மாவட்டத்திலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ, அந்தக் கம்பெனி செட்டை வாங்குங்கள். பயனீரா சோனியா என்ற கேள்விக்கு நம் பதில் இதுவே.

கடைசியில் மாட்டுவது. நமக்குத் தெரிந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வேன், செட் மாட்டிய இரண்டாம் வாரம் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பவில்லை. தள்ளிக் கிளப்பிச் சந்தை போய்ச் சேர்வதற்குள் தக்காளி வாங்க வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். காரணம் ஒரே ஒரு வயர். செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் பெற வேண்டியது. கறுப்பு பாடி எர்த். மாட்டியவர் சோம்பல்பட்டு மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிட்டார். சாவியை எடுத்த பிறகும் செட் விடிய விடியப் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

வண்டியின் சொந்த வயரை வெட்ட விடாதீர்கள். அந்தந்த வண்டிக்கு ஏற்ற கப்ளர் கடையில் கிடைக்கும்; அதற்காகும் செலவு, வயரை வெட்டியதால் வண்டியின் வாரண்டியில் வரும் வம்புக்கு முன்னால் ஒன்றுமில்லை. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகிய நான்கும் ஸ்பீக்கர் வயர்கள். அவற்றின் கறுப்புக் கோடு போட்ட ஜோடியைப் பாடியில் எர்த் செய்தால் செட் கருகிவிடும். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துப் பாருங்கள், செட் விளக்கு அணைய வேண்டும். மறுநாள் சாவி போட்டால் கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் வைத்தபடியே இருக்க வேண்டும். அழிந்திருந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன.

கழற்றிய மூடி, பழைய செட், அதன் திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, வண்டி எண்ணை எழுதிக் கடைப் பரணில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது புது செட்டைக் கழற்றி அடுத்த வண்டிக்கு மாற்ற அவை வேண்டியிருக்கும்.