பெலட் அடுப்பு: முதலில் எரிபொருளைத் தேடுங்கள்

ஐரோப்பாவில் பெலட் அடுப்பு என்றால் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி. மரத்தூளை அழுத்திச் செய்த, 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள குச்சிகளை மின்சாரத் திருகு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் தள்ளும். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும், அதற்கு வேலையில்லை. கச்சான் வீசும் மாதங்களில் வீட்டை எப்படிக் குளிர்விப்பது என்பதே எங்கள் கவலை. ஆனால் அதே குச்சிகளில் சமைக்கும் சின்ன அடுப்பு நமக்குப் பொருந்தக்கூடியது.

அதன் தேவையை 2022 காட்டியது. 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ லிட்ரோ காஸ் சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,675 ரூபாய்க்கு ஏறியது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. காசு கையில் இருந்தும் காஸ் கிடைக்காத நாட்கள் அவை. விறகடுப்புக்கு இடம் விடாமல் கட்டிய புதுக் குசினிகளால் அந்த நாட்களில் பயனே இருக்கவில்லை.

விறகுக்குத் திரும்புவதென்றால் புகைக்கும் திரும்ப வேண்டும். வீட்டுக்குள் சூழும் சமையல் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. நம் நாட்டில் 1980களிலிருந்து பரவிய இரட்டை வாய் அனகி மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். புகையை முழுதாக ஒழிக்காது. பெலட் அடுப்பில் குச்சிகளை ஒரு குவளைக்குள் நிரப்பி மேலிருந்து பற்றவைக்கிறோம். சிறு விசிறி கீழிருந்து ஊதும் காற்றில் குச்சி வெந்து வாயுவாகிறது. மேலே துளைகள் வழியே வரும் இரண்டாவது காற்றில் அந்த வாயு எரிகிறது. புகையாகப் போக வேண்டியது தீயாகிவிடுவதே இதன் சிறப்பு.

எரிபொருளுக்கான மூலப்பொருள் நம் ஊரிலேயே கிடக்கிறது. கல் ஓயா நீரில் விளையும் நெல் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆலைகளுக்கு வருகிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை அப்படியே சுமந்தால் லொறி நிறைந்தாலும் எடை இருக்காது: ஒரு கனமீற்றர் உமி நூறு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அழுத்திக் குச்சியாக்கினால் அதே இடத்தில் அறுநூறு கிலோவுக்கு மேல் அடங்கும். ஆனால் உமியிலுள்ள சிலிக்கா அழுத்தும் இயந்திரத்தின் அச்சை விரைவில் தேய்த்துவிடும். மரத்தூளையும் கலந்தால் தேய்மானம் குறையும்.

அடுப்பு வாங்க அவசரப்படுவோர் இந்தியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பிபி நிறுவனமும் சேர்ந்து ‘ஊர்ஜா’ என்ற பெலட் அடுப்பை உருவாக்கின. கரும்புச் சக்கை போன்ற விவசாயக் கழிவுகள்தான் அதன் எரிபொருள். ஏறக்குறைய நான்கு இலட்சம் அடுப்புகள் விற்றன. 2009இல் பிபி விலகி, திட்டம் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. பெரிய தொழிற்சாலைகளும் சக்கையைத் தேடி வர, பெலட்டின் விலை கூடியது. வீட்டுக்காரர்கள் கைவிட்டார்கள்; நிறுவனம் உணவகங்களின் பக்கம் திரும்பியது. அடுப்பில் பெரிய குறை இருந்ததல்ல காரணம். மலிவாகக் கிடைத்த கழிவுக்கு வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

இங்கும் நெல் அவிக்கும் கொதிகலனும் செங்கல் சூளையும் கோழிப்பண்ணையும் உமிக்குக் காத்திருக்கின்றன. ஆகவே, பெரும்போகமும் சிறுபோகமும் கடந்து ஆண்டு முழுவதும் குச்சி தருவேன் என்று சொல்ல ஓர் ஆலை அருகில் இல்லாதவரை, யாரும் இந்த அடுப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆலைக்காரர்கள் சிலர் கூடி ஒரு அழுத்து இயந்திரம் போட்டால் நிலைமை மாறும். பிரதேச சபைகளும் மாநகர சபையும் அதற்கு இடம் தருவதைப் பற்றியாவது யோசிக்க வேண்டும்.

விலை கட்டுமா என்பதை வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம். ஒரு 12.5 கிலோ சிலிண்டர் தரும் சமையல் வெப்பத்துக்கு ஏறக்குறைய 65 கிலோ உமிக் குச்சி தேவைப்படும். ஒரு கிலோ குச்சியின் விலையை 65ஆல் பெருக்குங்கள். சிலிண்டர் விலையை எட்டினால் இலாபமில்லை.

பொருத்தும்போது கடற்கரை வீடுகளுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. புகை குறைவு என்றாலும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ கிடையாது. மூடிய குசினியில் புகைபோக்கி இல்லாமல் பற்றவைக்கக் கூடாது. கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதில் துளையிடவே வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும். குழாயைச் சுவர் வழியே வெளியே எடுத்து, கூரை முகட்டைத் தாண்டும்படி உயர்த்துங்கள். பி.வி.சி. குழாய் உருகிவிடும், தகரக் குழாய்தான் வேண்டும். மார்கழியில் வாடைக் காற்று கடலிலிருந்து அடிக்கும்போது புகை திரும்பி உள்ளே வராதிருக்கக் குழாய் வாயில் தொப்பி அவசியம். நெருங்கிய வளவுகளில் அண்டை வீட்டு யன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் துளை இட வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத உருக்கில் செய்ததையே கேட்டு வாங்குங்கள்.

விசிறிக்கு மின்கலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் கண்டோம். நோன்பு நாட்களில் சஹருக்கு எழுந்து சமைப்பவருக்கு விசிறி நின்றால் குசினி முழுக்கப் புகைதான். ஒருமுறை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியும், நடுவில் நிரப்புவது கடினம். சோறும் கறியும் ஆக்க நல்லது, ஒரு கோப்பைத் தேநீருக்கு வீண்.

உமிக் குச்சியின் சாம்பல் மரக்குச்சியைவிடப் பல மடங்கு. பத்துக் கிலோ எரித்தால் இரண்டு கிலோ அளவுக்கு மிஞ்சும். ஒவ்வொரு சமையலுக்குப் பின்னும் கொட்ட வேண்டும். உள்ளே தணல் மணிக்கணக்கில் கனன்றிருக்கும், அதனால் பிளாஸ்டிக் வாளியில் போடாமல் மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வைத்து, நன்றாக ஆறிய பிறகு தென்னை அடியில் பரப்பலாம்.