ஜேசானுக்குள் இத்தனை ஆச்சரியமா!

போனில் வானிலை பார்க்கிறீர்கள், பஸ் டிக்கெட் போடுகிறீர்கள். ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவே பெரும்பாலும் ஓடுவது ஜேசான் என்ற தரவு வடிவம்தான். அதைப் பற்றி இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

உலகின் முதல் ஜேசான் செய்தி கிளம்பியது ஒரு கார் ஷெட்டிலிருந்து! கலிஃபோர்னியா, ஏப்ரல் 2001. ஷெட் சிப் மார்னிங்ஸ்டாருடையது. கூட்டாளி டக்ளஸ் கிராக்ஃபோர்ட். அனுப்பினார்கள்... முதல் செய்தியே ஃபெயில்! உள்ளே 'டூ' (do) என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது ஜாவாஸ்கிரிப்ட் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சொல்! பிரௌசர் ஏற்க மறுத்துவிட்டது. ஒதுக்கிய சொற்களின் பட்டியலை விதிகளில் சேர்க்க கிராக்ஃபோர்டுக்கு மனமில்லை. எல்லாப் பெயருக்கும் இரட்டை மேற்கோள் போடு, தீர்ந்தது! இன்று நீங்கள் ஒவ்வொரு பெயரையும் மேற்கோளுக்குள் அடைப்பது அந்த ஒரு சொல்லால்தான்!

ஜேசானில் முதலில் கமெண்ட் எழுத முடிந்தது! சிலர் அதற்குள், ஜேசானைப் படிக்கும் நிரலான பார்சருக்கு உத்தரவு போட ஆரம்பித்தார்கள். கமெண்டையே தூக்கிவிட்டார் கிராக்ஃபோர்ட்!

தேதிக்கென்று ஜேசானில் தனி வகையே கிடையாது!

ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் ரெஸ்ட் பாணி எந்தக் கம்பெனியின் சரக்கும் அல்ல. ராய் ஃபீல்டிங் 2000-இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் 5-ஆம் அத்தியாயம்!

'நான் ஒரு தேநீர்க் கெண்டி' என்று சர்வர் பதில் சொல்லலாம். குறியீடு 418! பிறந்த நாள் 1998 ஏப்ரல் 1. ஆம், முட்டாள்கள் தின வேடிக்கை! ஆனால் 2022-இல் வந்த, ஹெச்டிடிபி என்ற வலை நெறிமுறையின் தரநிலையும் அந்த எண்ணை வேறெதற்கும் தராமல் ஒதுக்கியே வைத்திருக்கிறது!

மீண்டும் ஜேசானுக்கு! அடுத்தது எனக்குச் செல்லமான தகவல். 9007199254740993 என்ற எண்ணை ஜேசானில் அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படித்ததும் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும்! பிழைச் செய்தி? மூச்சே இல்லை! அதனால்தான் ட்விட்டர் ஒவ்வொரு ட்வீட் ஐடியையும் எண்ணாக ஒரு முறை, மேற்கோளுக்குள் ஸ்ட்ரிங்காக ஒரு முறை, ஆக இரண்டு தடவை அனுப்பியது!

'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8-இல் 15 பைட். பைத்தான் வழக்கமாகத் தரும் ஜேசானிலோ புள்ளி, உயிர்க்குறி உட்பட ஒவ்வொரு குறியும் ஆறு எழுத்து நீளக் குறியீடாகிறது. மொத்தம் 30 பைட், அச்சு அசல் இரு மடங்கு! பைத்தானில் எழுதுபவரா நீங்கள்? 'என்ஷ்யூர் ஆஸ்கி'யை ஃபால்ஸ் ஆக்குங்கள். தமிழ் தமிழாகவே போகும், அதுவும் பாதி எடையில்!