முச்சந்தியும் உப்புக் கிடங்கும்

மின்னசோட்டாவில் மகன் வீட்டுக்குப் போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி சில நேரம் பிளேடைத் தூக்கிக்கொண்டு சும்மா ஓடுகிறதே, வீண்செலவு இல்லையா?" வீண்தான். அந்த வீணைக் குறைப்பதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது.

சிலேட்டில் கையெடுக்காமல், போன கோட்டில் மறுபடி போகாமல், உள்ளே பெருக்கல் குறி போட்ட வீடு வரைவோமே, அதே கணக்கு. நான் பல நாள் கூரை உச்சியில் தொடங்கித் தோற்றேன். கீழ்மூலையில் தொடங்கச் சொன்னவள் அக்கா. அங்கே மூன்று கோடுகள் சேர்கின்றன. ஆனால் லாரியைப் போலக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டுமென்றால், ஒற்றைப்படையில் கோடுகள் கூடும் புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. 1736இல் கணிதமேதை ஆய்லர் கண்ட விதி இது. சாலையில் அப்படியொரு புள்ளிதான் முச்சந்தி. தபால்காரர் எந்தத் தெருக்களை இரண்டாம் முறை நடந்தால் மொத்த நடை குறையும் என்று 1960இல் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கு ஆராய்ந்ததும் இதையொட்டித்தான்.

எனக்குப் பிடித்த வினோதம் இனிமேல்தான். இருவழிச் சாலையில் லாரி போகும்போது ஒரு பாதியைத் தள்ளும், திரும்பும்போது மறுபாதியை. ஒவ்வொரு சாலையும் இரண்டு கோடாகிவிட, முச்சந்தியின் மூன்று ஆறாகிறது. ஒற்றைப்படையே காணாமல் போய்விட்டது! தபால்காரரின் தலைவலி இந்த லாரிக்கு இல்லை.

பிறகு ஏன் சும்மா ஓட்டம்? ஒரு முக்கியக் காரணம் உப்பு. பனியை இளக்கத் தூவிக்கொண்டே போகும் உப்பு பாதிவழியில் தீர்ந்தால் கிடங்குக்குத் திரும்ப வேண்டும். நிரப்பிக்கொண்டு, விட்ட இடத்துக்குப் போகும் தூரம் முழுக்க ஏற்கெனவே தள்ளிய சாலை. ஆகவே வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கிடங்கு எங்கே என்பதைத்தான். மாவட்ட எல்லைக்கு அப்பாலுள்ள கிடங்கு பக்கமென்றால், அந்தத் துண்டுச் சாலையைப் பக்கத்து மாவட்டத்திடமே விட்டுவிடலாம்.

உப்பை அள்ளி இறைப்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். சாலைப்பரப்பு மைனஸ் 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. கரைந்த உப்போ ஏரிக்குப் போய்ச் சேரும். அதிலுள்ள குளோரைடு தானாக நீங்காது. ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 19 லிட்டர் நீரைக் கெடுக்கும் என்று மின்னசோட்டா மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமை எச்சரிக்கிறது. ஏரிகளுக்குப் பேர்போன மாநிலம் அது. முதலில் பிளேடால் நன்றாக வழித்துவிட்டு, உப்பை உப்புநீரில் நனைத்து அளந்து தூவினால், தெறித்து ஓரத்தில் வீணாவது குறையும். அதே லோடு இன்னும் கொஞ்ச தூரம் வரும்.