புதுக் கம்ப்யூட்டர் யார் பெயரில் பதிவாகிறது?

நம் உறுப்பினர்களில் பலர் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளை நடத்தி வருகின்றனர். தலைமைக் கடையில் நான்கு, குடோனில் இரண்டு, கிளைகளில் ஒவ்வொன்று எனக் கம்ப்யூட்டர்கள் பெருகிவிட்டன. புதிதாக ஒன்று வாங்கினால், அதைத் தலைமைக் கடைக்குக் கொண்டு வந்து, விவரம் தெரிந்த பையன் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து பில்லிங் புரோகிராம், பிரிண்டர், பாஸ்வேர்டு எல்லாம் போட்டு, அதன் பிறகு கிளைக்கு அனுப்புவதே வழக்கமாக இருக்கிறது. இந்த வேலையை இன்டர்நெட் மூலம் தானாகவே முடித்துவிடும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-இல் கொண்டு வந்தது. விண்டோஸ் ஆட்டோபைலட் என்று பெயர். கம்ப்யூட்டர் விற்பவர்கள் இதன் வசதிகளைப் பற்றிச் சொல்வது உண்மைதான். ஆனால் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று இதில் உண்டு. பதிவு யார் பெயரில் என்பதே அது.

முதலில், இது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். பெட்டியைக் கிளையிலேயே பிரிக்கிறார்கள். கரண்ட் கொடுத்து, வைஃபை இணைக்கிறார்கள். உடனே அந்தக் கம்ப்யூட்டர் மைக்ரோசாஃப்டின் சர்வரைத் தொடர்பு கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. அந்த அடையாளம் ஒரு நிறுவனத்தின் பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அந்த நிறுவனத்தின் பெயரோடு ஒரு பக்கம் திரையில் வரும். கிளை ஊழியர் தமக்குக் கொடுக்கப்பட்ட ஐ.டி.யையும் பாஸ்வேர்டையும் அடித்தால் போதும். மற்ற புரோகிராம்களும் கட்டுப்பாடுகளும் இன்டியூன் என்ற சேவையிலிருந்து தாமாக இறங்கும். (பில்லிங் புரோகிராமை அதற்கேற்ற வடிவில் ஒருமுறை தயார் செய்து ஏற்றி வைத்திருக்க வேண்டும். பிரிண்டர் எப்படியும் ஒரு முறையாவது அடம் பிடிக்கும். அது வேறு கதை.)

ஊழியருக்கு முழு அதிகாரம் தருவதா, சாதாரண உரிமை மட்டும் தருவதா என்பதையும் நாமே முன்கூட்டித் தீர்மானிக்கலாம். கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரில் கண்டதையும் ஏற்றுவதைக் கட்டுப்படுத்த இது உதவும்.

அடையாளம் என்று சொன்னோமே, அது ஹார்டுவேர் ஹாஷ் எனப்படும் நீண்ட எழுத்துக் கோவை. கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், உள்ளே இருக்கும் பாகங்களின் விவரம் எல்லாம் அதில் அடக்கம். லாரிக்கு ஆர்.சி. புத்தகம் எப்படியோ, அப்படித்தான் கம்ப்யூட்டருக்கு இந்தப் பதிவு. லாரி யாரிடம் ஓடினாலும், ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்றுதானே பார்க்கிறார்கள்? இந்தப் பதிவும் கம்ப்யூட்டருக்குள் இல்லை. மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. ஃபார்மட் செய்தாலும், டிஸ்கையே மாற்றினாலும் அது அழியாது. ஒரு கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும்.

பதிவு செய்யும் வேலையை நாமும் செய்யலாம், விற்பவரும் செய்யலாம். நாமே செய்வதென்றால், புது கம்ப்யூட்டரின் முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் கறுப்புத் திரையில் மைக்ரோசாஃப்ட் தந்துள்ள ஒரு சிறு புரோகிராமை ஓட்டினால், சி.எஸ்.வி. ஃபைல் ஒன்று கிடைக்கும். அதை இன்டியூன் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஒரு ஃபைலில் 500 கம்ப்யூட்டர்கள் வரை சேர்க்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை. பழக்க தோஷத்தில் அந்த ஃபைலை எக்ஸெலில் திறந்து சேமித்துவிடாதீர்கள். வடிவம் மாறி, ஏற்ற முடியாமல் போகும். திருத்தம் தேவையானால் நோட்பேடு போதும். பதிவு முடிந்து, நம் அமைப்புகள் அதற்கு ஒதுக்கப்பட்டுவிட்டதைப் பார்த்த பிறகே கம்ப்யூட்டரைக் கிளையில் இயக்க வேண்டும். முன்பே இயக்கிப் பயன்படுத்திய கம்ப்யூட்டர் என்றால், ரீசெட் செய்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யத் தொடங்கும்.

பத்து, இருபது என்று வாங்குகிறவர்களுக்கு விற்பவரே பதிவு செய்து தருவது சுலபம். அவர் அனுப்பும் லிங்க்கை நம் முதன்மை நிர்வாகிக் கணக்கில் திறந்து சம்மதம் தர வேண்டும். இங்கேதான் நிதானம் தேவை. பதிவு செய்ய மட்டும் அனுமதி தரலாம். நம் கணக்கு முழுவதையும் நிர்வகிக்கும் அதிகாரத்தையும் சேர்த்துத் தரலாம். இரண்டும் வேறு வேறு. குடோன் சாவியை ஒருவரிடம் கொடுப்பதால் கல்லாச் சாவியையும் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. சம்மதப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டே பொத்தானை அழுத்துங்கள்.

இதைவிட முக்கியம், அந்த நிர்வாகிக் கணக்கே யாருடையது என்பது. "உங்களுக்கு எதற்குச் சிரமம், நாங்களே ஆரம்பித்துத் தருகிறோம்" என்று விற்பவர் தமது ஈமெயிலையும் செல்போன் எண்ணையும் போட்டுக் கணக்குத் திறந்து கொடுப்பது உண்டு. சில கடைகளில் கணக்கு எழுதுபவர் பெயரில் இருக்கும். உறவு நன்றாக இருக்கும்வரை தொல்லை இல்லை. பாக்கி விஷயத்தில் மனக்கசப்பு வந்தாலோ, அந்த ஊழியர் விலகிப் போனாலோ, நாம் காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரை ரீசெட் செய்யும்போது அடுத்தவர் அனுமதிக்காகக் காத்து நிற்க வேண்டி வரும். ஆகவே முதன்மை நிர்வாகிக் கணக்கு முதலாளியின் கையில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு உதவும் இரண்டாவது நிர்வாகிக் கணக்கு ஒன்றும் குடும்பத்துக்குள்ளேயே இருப்பது நல்லது.

பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதையொட்டிப் பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட லேப்டாப்கள் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் பழைய நிறுவனத்தின் பதிவு நீக்கப்படாமல் இருக்கலாம். விற்பவர் இன்டர்நெட் இல்லாமலே அமைத்துத் திறந்து காட்டியிருந்தால் கடையில் நன்றாகத்தான் ஓடும். பிறகு நாம் இணைப்புக் கொடுத்து ரீசெட் செய்யும் அன்று, முன்பின் தெரியாத கம்பெனியின் பெயர் திரையில் வந்து நிற்கும். எனவே பணம் கொடுக்கும் முன்பே, நம் கண் எதிரில், இன்டர்நெட் இணைப்புடன் ரீசெட் செய்யச் சொல்லி முதல் பக்கத்தைப் பாருங்கள். வேறு பெயர் வந்தால், விற்றவரிடமிருந்து பதிவை நீக்கி வாங்காமல் பணம் தர வேண்டாம்.

நாம் விற்கும்போதும் அதே நியாயம்தான். டேட்டாவை அழித்து, இன்டியூன் பட்டியலிலிருந்தும் ஆட்டோபைலட் பட்டியலிலிருந்தும் நீக்கிய பிறகே கொடுக்க வேண்டும். ரிப்பேருக்குப் போய் மதர்போர்டு மாறி வந்தால், கம்ப்யூட்டரின் அடையாளமே மாறிவிடுகிறது. பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். மெக்கானிக்கிடம் "போர்டு மாற்றினீர்களா?" என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

செலவு விஷயம். பதிவுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. ஆனால் இன்டியூனும் என்ட்ரா ஐடி பி1 என்ற உரிமமும் வேண்டும். இரண்டும் அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் திட்டம் 300 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கானது. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரே கடை, இரண்டு கம்ப்யூட்டர் என்று இருப்பவர்களுக்கு இது வீண் செலவு என்பதே நம் கருத்து. வெளியூர்க் கிளைகள் உள்ளவர்களுக்குப் போக்குவரத்தும் ஆள் கூலியும் மிச்சமாகும். வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் கொட்டேஷனில் விண்டோஸ் புரோ என்று இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளவும். விலை குறைவு என்று ஹோம் பதிப்பு போட்ட லேப்டாப்பைத் தள்ளிவிடுவார்கள். அதில் ஆட்டோபைலட் வேலை செய்யாது.